பிப்ரவரி இல்லாத வருஷம்

மே கும் என்ற ஊரின் வட்டாட்சி அலுவலகத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்கு விளக்குகளை அணைத்துவிடுவார்கள். மின்சாரச் சிக்கனம் என்று மேலிருந்து வந்த உத்தரவு. குளிர்சாதனம் இருபத்தாறு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதும் உத்தரவுதான். இந்த இரண்டாவதைக் காப்பாற்றும் பொறுப்பை யாரும் கேட்காமலே ஜிந்தனா எடுத்துக்கொண்டிருந்தாள். ரிமோட் அவள் மேசை இழுப்பறைக்குள், முத்திரைக்கும் மைத்தட்டுக்கும் நடுவே படுத்திருக்கும்.

லம்பாங் மாகாணத்தில் ஏப்ரல் என்றால் நாற்பத்து மூன்று டிகிரி. அடிக்கிற வெயிலில் தார் உருகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். பிறப்பு, இறப்பு, வீட்டுப்பதிவு என்று ஒன்றுமில்லாமலே ஊர்க்காரர்கள் அலுவலகக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், இருபத்தாறுக்கு வந்தோம் என்பார்கள். அடையாள அட்டைப் பிரிவில் இருக்கும் குங் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது, ஒரே ஒரு டிகிரி குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவாள். ஜிந்தனா நிமிராமலே இழுப்பறையை இன்னும் அரை அங்குலம் உள்ளே தள்ளுவாள்.

இருபத்துநான்கு வருஷமாகப் பதிவுப் பிரிவில் இருக்கிறாள் ஜிந்தனா. அவள் கையால் போன கடிதம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எண், தேதி, பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். மாகாணத் தலைமையகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் கடிதங்களைத்தான் மாதிரியாகக் காட்டுகிறார்களாம். இதைக் கேட்டபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அன்று மட்டும் மத்தியானம் இரண்டு கிண்ணம் குளிர்சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

விளக்கணைந்த அந்த ஒரு மணி நேரம் அலுவலகமே கூடத்துத் தொலைக்காட்சியின் முன்னால்தான். மல்லிகை போட்ட குளிர்ந்த தண்ணீரில் ஊறிய சோறும், ஒட்டரிசியும், பச்சை மிளகாய்த் துவையலும் மடியில் இருக்க, முந்தின நாள் இரவு வந்த தொடரின் மறு ஒளிபரப்பை இன்னொரு தடவை பார்ப்பார்கள். தொடரின் பெயர் 'மூன்றாம் மேசை'. எண்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வட்டாட்சி அலுவலகம். அதில் மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர். அவர் வாய் திறந்து சொல்லாத காதல். அரண்மனை, வாள், குதிரை எதுவும் கிடையாது. இருந்தாலும் நாடு முழுக்கப் பார்த்தது. தங்களைப்போல் கோப்பு கட்டுகிற ஆளைச் சரித்திரத்தில் யாரும் கதாநாயகன் ஆக்கியதில்லை என்று மே கும் அலுவலகத்துக்குத் தனிப் பெருமை.

ஜிந்தனா பார்த்தது காதலை அல்ல, மேசையை. மை ஒற்றும் ஒற்றுத்தாள் உருளையை எழுத்தர் இடமிருந்து வலமாக உருட்டியதைப் பார்த்து, சரி என்று தலையசைத்தாள். கோப்பைச் சணல் நாடாவால் கட்டிய முடிச்சும் சரி. வெற்றிலை கூடாது, தொப்பி கட்டாயம் என்ற அந்தக் காலத்து உத்தரவுக்குப் பயந்து, வெற்றிலை போட்ட கிழவர் வாசலிலேயே துப்பிவிட்டு, இரவல் தொப்பி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்ததும் சரி. யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள், கடனுக்குச் செய்யவில்லை என்று குங்கிடம் சொன்னாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை லேசில் வராது.

தொடரில் தலைமை எழுத்தர் ஒருவர், யார் அவசரப்பட்டாலும் "தம்பி, மை காயட்டும்" என்பார். அலுவலகம் முழுக்க அது தொற்றிக்கொண்டது. அச்சுப்பொறி மக்கர் செய்தால், மை காயட்டும். ஓட்டுநர் சம்பள முன்பணம் கேட்டால், மை காயட்டும்.

சொங்க்ரான் தண்ணீர்ப் பண்டிகை முடிந்து அலுவலகம் திறந்த அன்று இன்பான் பெரியப்பா வந்தார். ஊருக்கே பெரியப்பா; அலுவலக வாசல் மரத்தடியில் பனிக்கட்டி சீவி, சிவப்புச் சர்பத்து ஊற்றி விற்கிறவர். அவரைத் தெரியாதவர்கள் மே கும்மில் கிடையாது, அரசாங்கத்தைத் தவிர. அவருடைய அட்டை எண் சுழியில் தொடங்கும். இந்த மண்ணில் இருக்கிறார், ஆனால் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது என்பதற்கு அந்தச் சுழிதான் அடையாளம். புத்தர் சகாப்தம் 2499-ஆம் வருஷம் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்களே, அப்போது பையன் இன்பான் அப்பாவோடு தேக்குக் காட்டில் யானைகளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது ஏட்டை மூடிவிட்டார்கள்.

"அரசாங்கம் வந்தப்போ நான் வீட்டுல இல்ல. நான் போனப்போ அரசாங்கம் வீட்டுல இல்ல. இப்படியே மாத்தி மாத்திப் போச்சும்மா" என்பார். கேட்கிறவர்கள் சிரித்து முடிப்பதற்குள் பனிக்கட்டி உருகிவிடும் என்று அவசரப்படுத்துவார்.

அன்றைக்கு அவர் வந்தது சிரிக்கவைக்க அல்ல. பண்டிகைக்கு முந்தின வாரம் அடித்த கோடைப் புயலில், பழைய ஊர்த்தலைவர் வீட்டுக் கூரைத் தகடு பறந்து, சுவரில் மாட்டியிருந்த படம் ஒன்று விழுந்து உடைந்தது. படத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்திருந்த தாளை ஊர்த்தலைவரின் மகன் இவரிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அது ஒரு பிறப்பு அறிவிப்பில், ஊர்த்தலைவர் தன்னிடம் வைத்துக்கொண்ட மறுபாதி. தகப்பன் பெயர், தாய் பெயர், பான் ஹுவாய் கிராமம், ஆண் குழந்தை இன்பான், ஊர்த்தலைவரின் கையெழுத்து எல்லாம் இருந்தன. இந்த மண்ணில்தான் பிறந்தார் என்பதற்கு எண்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு சாட்சி. தாளைத் தன் சர்பத்துக் கை படாமல் பெரியப்பா வாழை இலைக்குள் வைத்து எடுத்துவந்திருந்தார்.

ஜிந்தனாவுக்கும் சந்தோஷம்தான். தேதியைப் படிக்கிற வரைக்கும்.

12 பிப்ரவரி 2483.

இரண்டு தடவை படித்தாள். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் அவளுக்கு மட்டும் தெரிந்த விடை அது. அந்தக் காலத்தில் வருஷம் ஏப்ரல் முதல் தேதி பிறக்கும். மற்ற நாடுகளைப்போல ஜனவரிக்கு மாற்றலாம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அதனால் ஏப்ரலில் பிறந்த 2483 டிசம்பரோடு முடிந்துபோனது. ஒன்பது மாதத்துக் குறைப்பிரசவ வருஷம். அதற்கு ஜனவரி கிடையாது, பிப்ரவரி கிடையாது, மார்ச்சும் கிடையாது.

"பெரியப்பா, இந்த வருஷத்துல பிப்ரவரி மாசமே இல்ல."

கிழவர் யோசித்தார். "அப்படியாம்மா? எங்கம்மா வலியில கத்தினத ஊரே கேட்டுச்சுன்னு சொல்லுவாங்களே. அது எந்த மாசத்துல?"

அவள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். விதியை விளக்கினாள். இல்லாத நாளைப் போட்ட தாள் என்றால், பின்னால் யாரோ எழுதியது என்றுதான் மேலே நினைப்பார்கள் என்றாள். அவர் தலையாட்டினார். வண்டியில் பனிக்கட்டி கிடப்பது ஞாபகம் வந்தவர்போல எழுந்தார். "உன்மேல தப்பில்லம்மா. வருஷத்துமேலதான்" என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அவளைச் சுட்டது.

சுட்டாலும் வேலை வேலைதான். 'குறிப்பிட்ட நாள் நாட்காட்டியில் இல்லாதது. ஆவணம் பிற்காலத்தில் எழுதப்பட்டிருக்கலாம். நிராகரிக்கப் பரிந்துரை' என்று குறிப்பு எழுதி, மறுப்புக் கடிதமும் தட்டச்சு செய்து, துணை வட்டாட்சியர் நொப்பதொனின் மேசையில் வைத்தாள். அவர் கையெழுத்திட்டுவிட்டால், அதே தாளை இங்கே மறுபடி கொடுக்க முடியாது. மாகாண நகரத்து நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். எண்பது தாண்டிய கிழவர், வண்டியை விட்டுவிட்டு எத்தனை தடவை போவார்? ஆனால் நொப்பதொன் ஊரில் இல்லை. மலைக்காடு பற்றி எரிந்துகொண்டிருந்தது. வட்டத்து அதிகாரிகள் பாதிப் பேர் மண்வெட்டியோடு அங்கேதான் இருந்தார்கள்.

"அவசரம் என்னக்கா? மை காயட்டும்" என்றாள் குங்.

இரண்டு நாள் கழித்து, மதியத் தொடரில் மூன்றாம் மேசை எழுத்தர் தனக்கு இடமாற்றம் கேட்டுக் கடிதம் எழுதினார். காதலைச் சொல்ல முடியாதவர் ஊரைவிட்டே போகிறார். கூடம் முழுக்க மூக்குறிஞ்சியது. கேமரா மெல்லக் கடிதத்தின்மேல் இறங்கியது.

14 பிப்ரவரி 2483.

ஜிந்தனாவின் ஒட்டரிசி உருண்டை பாதி வழியிலேயே நின்றது. "தப்பு" என்றாள் சத்தமாக.

ஓட்டுநர், அவர் போயிருக்கவே கூடாதுதான் என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அது இல்லை, தேதி தப்பு என்றாள். ஓட்டுநர் கண்ணைத் துடைப்பதை நிறுத்தினார். பிறகு குங் சொன்னாள்: "அக்கா, அந்த மனுஷன் மனசு உடைஞ்சு எழுதுறாரு. நீங்க அதுலயும் சிவப்புப் பென்சிலை எடுத்துட்டு வர்றீங்களே."

அன்றைக்கே ஜிந்தனா தொலைக்காட்சி நிலையத்துக்குக் கடிதம் எழுதினாள். கோபமாக அல்ல. மதிப்பு வைத்த இடத்தில்தான் குறை உறுத்தும். ஒற்றுத்தாள், நாடா முடிச்சு, தொப்பி மூன்றையும் வரிசை எண் போட்டுப் பாராட்டினாள். நான்காவது பத்தியில் பிப்ரவரி. சொந்தத் தபால்தலை ஒட்டி, தொடரின் சரித்திர ஆய்வாளருக்கு என்று முகவரி எழுதி அனுப்பினாள். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி பதில் வந்தது. மறுநாள் நொப்பதொன் மலையிலிருந்து இறங்குகிறார் என்ற செய்தியும் கூடவே வந்தது. ராச்சவதி என்ற ஆய்வாளர் கையாலேயே எழுதியிருந்தார். எண், தேதி, பொருள், பார்வை எல்லாம் அதனதன் இடத்தில். அதைக் கண்டதுமே ஜிந்தனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

'தாங்கள் சொல்வது சட்டப்படி முற்றிலும் சரி. 2483-க்குப் பிப்ரவரி இல்லை. ஆனால் தெரிந்தேதான் அந்தத் தேதியை வைத்தோம். அந்தக் காலத்துக் கடிதங்களைத் தேடிப் பார்த்தபோது, 2484-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் ஏராளமானவர்கள் 2483 என்றே எழுதியிருப்பதைக் கண்டோம். பிறந்தது முதல் ஏப்ரலில் வருஷம் மாறிப் பழகிய கை, ஓர் உத்தரவு வந்ததும் ஜனவரியில் மாறிவிடுமா? மனம் உடைந்தவன் எழுதும் கடிதத்தில் கை பழைய வழியில்தான் போகும் என்று நினைத்தோம். இன்னொன்று: பிற்காலத்தில் பொய்யாக எழுதுகிறவன் இந்தத் தவறைச் செய்யமாட்டான். நாட்காட்டியைப் பார்த்துச் சரியாக எழுதிவிடுவான். இந்தத் தவறு அந்தக் காலத்து மனிதர்களுக்கு மட்டுமே வரக்கூடியது. தங்கள் அலுவலகத்தில் அவ்வாண்டின் தபால் பதிவேடு இருந்தால் பார்க்கவும்.'

மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை, கடந்த ஜனவரியில் தன் கையே பழைய வருஷத்தைப் போட்டு, தாளைக் கிழித்து, யாருக்கும் தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது ஞாபகம் வந்தது. அவள் கடிதம் திரும்பி வந்ததில்லை என்பது உண்மைதான். எத்தனை கடிதம் போகாமலே கிழிந்தது என்பது அவளுக்கும் அவள் வீட்டு அடுப்புக்கும் மட்டும் தெரியும்.

பதிவேடுகள் பின்கட்டில், தகரக் கூரை போட்ட கிடங்கில் இருந்தன. மதியம் ஒரு மணிக்கு அந்தக் கிடங்கைத் திறந்தால் இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்ததுபோல் இருக்கும். சாயங்காலம் போகலாமே என்று குங் தடுத்தாள். சாயங்காலம் வரைக்கும் இருக்க முடியாது என்று ஜிந்தனா சாவியை எடுத்துக்கொண்டாள். போகிறவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, குங்கும் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

வியர்வை ஏட்டில் சொட்டக் கூடாது என்று ஜிந்தனா தலையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு, கையை நீட்டிப் பிடித்துப் படித்தாள். முக்கால் மணி நேரம் கழித்து, அடி அலமாரியில் அந்த ஏடு கிடைத்தது.

ஜனவரி இரண்டாம் தேதி. எழுத்தர் 2483 என்று எழுதி, அடித்து, மேலே 2484 என்று போட்டிருந்தார். மூன்றாம் தேதியும் அப்படியே. நான்காம் தேதி சரி. ஆறாம் தேதி மறுபடி அடித்தல். அந்த மனிதர் தன் கையோடு சண்டை போட்டது பக்கம் பக்கமாகத் தெரிந்தது. நல்ல குண்டு எழுத்து. அடித்த கோடுகூட அடிமட்டம் வைத்துப் போட்டது. எந்த மேசையில் உட்கார்ந்தாரோ, பெயரைக்கூட எழுதிவைக்கவில்லை.

பிப்ரவரிக்கு வந்தாள். பதினைந்தாம் தேதி வரவில் ஒரு வரி இருந்தது. 'பான் ஹுவாய் ஊர்த்தலைவர். பிறப்பு அறிவிப்பு, ஆண் ஒன்று.' குறிப்புப் பகுதியில் சிறிய எழுத்து: 'அறிவிப்பில் ஆண்டு 2483 என உள்ளது. திருத்தி வாசிக்க.'

ஜிந்தனா ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

என்னக்கா, மயக்கமா என்று குங் பதறினாள்.

இல்லை என்று தலையசைத்தாள். "அந்தப் பேப்பரோட இன்னொரு பாதியை இவரு பார்த்திருக்காருடி. எனக்குப் பட்ட அதே தப்புதான் இவருக்கும் பட்டிருக்கு. நான் இல்லாத நாள்னு எழுதினேன். இவரு திருத்தி வாசிக்கன்னு எழுதியிருக்காரு."

குங் குனிந்து பார்த்தாள். எப்போதும் ஏதாவது ஒரு கிண்டல் வைத்திருப்பவள், அந்த இரண்டு வார்த்தையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, தலையிலிருந்த ஈரத் துண்டை எடுத்து ஜிந்தனாவிடம் நீட்டினாள்.

மறுநாள் காலை நொப்பதொன் வந்தார். மேலெல்லாம் புகை வாடை, புருவம் ஒருபக்கம் கருகியிருந்தது. காத்திருந்த கோப்புக் கட்டின் மேலே ஜிந்தனாவின் மறுப்புக் கடிதம் இருந்தது. அதன்மேல் அவள் இரவோடு இரவாகத் தட்டச்சு செய்த இரண்டாவது குறிப்பு. இணைப்பாகப் பதிவேட்டின் நகலும் ஆய்வாளரின் கடிதமும். பழைய குறிப்பை அவள் எடுத்து ஒளிக்கவில்லை. கோப்பில் ஏறியதைக் கோப்பிலிருந்து எடுக்கக் கூடாது.

நொப்பதொன் படித்தார். அவளைவிடப் பதின்மூன்று வயது சின்னவர். அதிகாரி என்றாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, இதுல 'என் முதல் குறிப்பு தவறு'ன்னு இருக்கு. தட்டச்சுப் பிழையா?"

"இல்லங்க சார். அப்படியே வாசிங்க."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு பதிவேட்டு நகலை வெகுநேரம் பார்த்தார். வருஷத்தைச் சரிபார்க்க ஒரு தொலைக்காட்சித் தொடருக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள் என்று மாகாணத்தில் கேட்டால் என்ன சொல்லட்டும் என்றார். அதை இணைப்பு இரண்டில்தான் வைத்திருக்கிறேன், இணைப்பு ஒன்று நம் அலுவலக ஏடு என்றாள் ஜிந்தனா. நொப்பதொன் சிரித்துவிட்டார். மறுப்புக் கடிதத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அடிமட்டம் வைக்கவில்லை, அவளும் சொல்லவில்லை. புதிய பரிந்துரையில் கையெழுத்திட்டு, ஊதி, "மை காயட்டும்" என்றார். மலையில் நெருப்பு அணைத்தவர்களும் ராத்திரி கைபேசியில் அதே தொடரைத்தான் பார்த்தார்களாம்.

மாகாணத்திலிருந்து அனுமதி வர ஐந்து வாரம் ஆயிற்று. மழை வருகிறேன் வருகிறேன் என்று மேகத்தைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, இன்பான் பெரியப்பா படம் எடுத்துக்கொள்ள வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டது. வாசலிலிருந்து கேமரா நாற்காலிக்கு வருவதற்குள் முகம் நனைந்துவிட்டது. குங் ஒற்றினாள், மறுபடி நனைந்தது. மறுபடி ஒற்றினாள்.

"சர்பத்துக்காரன் முகம்மா. சொட்டிக்கிட்டேதான் இருக்கும்" என்றார்.

அப்போதுதான் ஜிந்தனா அவரிடம் விவரத்தைச் சொன்னாள். அவர் பிறந்தது 2484, பிப்ரவரி பன்னிரண்டு. அது உண்மையாகவே இருந்த நாள். அன்று புதன்கிழமை என்றுகூடப் பார்த்துவைத்திருந்தாள். கிழவர் விரலை மடக்கி எண்ணினார். முகம் மாறியது.

"அப்போ எனக்கு எண்பத்து மூணுதானா? ஊர் முழுக்க எண்பத்து நாலுன்னு சொல்லி மரியாதை வாங்கிட்டேனேம்மா. அடுத்த தெரு பூன்மா எண்பத்து மூணரை. இனி அவன் எனக்கு அண்ணனாயிடுவானே."

கூடத்தில் இருபத்தாறுக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கின பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வைதான் என்று குங்கிடம் சொன்னார். துண்டு இப்போது இரண்டு பேருக்கும் தேவைப்பட்டது.

படம் சரியாக வரவில்லை. நெற்றி பளபளத்தது. இரண்டாவதும் அப்படித்தான்.

ஜிந்தனா எழுந்து தன் மேசைக்குப் போனாள். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. மேலே குளிர்சாதனம் ஒரு தடவை பீப் என்றது. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. கூடமே அண்ணாந்து பார்த்தது. குங் வாயைத் திறந்தாள். ஜிந்தனா ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

காற்று இறங்கி வந்து கிழவரின் நெற்றியைக் காயவைக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.